ஆகாய டெலிபோனும் பொதுஜனப் பணமும்

ஆகாய மார்க்கமாக உலகமெங்கும் டெலிபோன் வசதி அளிப்பதாகச் சொல்லும் கம்பெனிகள் இன்று மறுபடியும் மூலதனம் திரட்டப் புறப்பட்டிருக்கின்றன. இத்தருணத்தில் இரிடியம் கம்பெனியின் சரித்திரத்தை நேயர்களுக்கு ஞாபகப்படுத்துவது அவசியமென்று கருதுகிறோம்.

அது அமெரிக்காவின் மோட்டரோலா கம்பெனியார் வகுத்த திட்டம். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக் கோள்களை ஓடவிட்டு, நடுக்கடலில் இருப்பவனும் கைக்கருவியால் பேசும்படி செய்வதே நோக்கம். வித்தை அற்புதமானது; அதில் நாம் குற்றம் காணவில்லை. ஏறக்குறைய 500 கோடி டாலர் செலவில் 1998 நவம்பரில் வேலை தொடங்கிற்று. 1999 ஆகஸ்டில் கம்பெனி திவாலாயிற்று. ஒரு வருஷங்கூட நிறையவில்லை!

கருவியின் விலை சுமார் 3,000 டாலர். கட்டிடத்துக்குள் நின்றால் பேச முடியாது. இவற்றினும் பெரிய கோளாறு மூலதன ஏற்பாட்டிலேயே இருந்தது. தரையில் கோபுரம் நாட்டுகிறவன் ஒரு பட்டணத்தில் வரும் வரும்படியைக் கொண்டு அடுத்த பட்டணத்துக்குப் போகலாம். ஆகாயத்திலோ, முதல் சந்தாதார் பேசுமுன்பே முழு வலையும் விரித்தாக வேண்டும். அதுவரை வட்டிதான் ஏறும். அதற்குள் சாதாரண செல்போன் நகரங்களெங்கும் பரவிவிட்டது.

கோள்களைச் செய்து கொடுத்துப் பணம் பெற்ற பிரதான ஒப்பந்தக்காரரும் மோட்டரோலாவே, பெரிய பங்குதாரரும் அவரே. நமது தேசத்து நிதி ஸ்தாபனங்களும் இதில் பணம் போட்டன. அது யார் பணம்? சிறுகச் சிறுகச் சேமித்த சாமானிய ஜனங்களுடையதல்லவா? 2000-ம் வருஷத்தில் வேறொரு கோஷ்டியார் அத்தனை சொத்தையும் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கினர். அமெரிக்க ராணுவ இலாகா அவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்துக் கைதூக்கிவிட்டது. இரிடியம் இன்றும் நடக்கிறது. முதலில் போட்டவர்கள் பணந்தான் போயிற்று.

தங்களை ஏமாற்றியதாக இந்தியக் கூட்டாளிக் கம்பெனி மோட்டரோலா மீது கிரிமினல் புகார் தொடுத்தது. கம்பெனிக்கு மனமில்லை, ஆதலால் வஞ்சக எண்ணமும் இருக்க முடியாது என்ற வாதத்தை 2010-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிற்று. குற்றம் ருசுவாயிற்று என்று இதற்கு அர்த்தமில்லை. விசாரணைக்கு வழி திறந்தது, அவ்வளவே.

இனிப் பொதுப் பணம் கேட்டு வருபவர்களிடம் நமது ஸ்தாபனங்கள் என்ன கேட்கப் போகின்றன? வரும்படி தொடங்குமுன் எத்தனை கோடி கரையும்? எந்தச் சர்க்கார் எத்தனை வருஷத்துக்கு வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறது? ஒப்பந்தக்காரர் தமது லாபத்தில் எவ்வளவைப் பங்காக விட்டுவைப்பார்? இவற்றுக்குரிய பதில்களை, பணம் கைமாறுமுன்பே பார்லிமெண்டில் வைக்க வேண்டுமென்று கோருகிறோம்.