மழை பொழியா மேகம்

மேகம் என்றவுடன் மழையை நினைப்பவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்தார். கல்லணைக் கால்வாய் எட்டும் பகுதிகள் நீங்கலாக, இது வானம் பார்த்த பூமி. அண்மையில் வகுப்பறையில், "கைப்பேசியில் எடுத்த படமெல்லாம் எங்கே சேமிக்கப்படுகிறது?" என்று வினவினேன். "கிளவுடில் இருக்கிறது, ஐயா" என்றார் மாணவர் ஒருவர். அச்சொல்லுக்கு மேகம் என்பதே பொருள். ஆனால் அம்மேகம் வானத்தில் இல்லை; தரையில் இருக்கிறது. அது மழை பொழிவதில்லை, நீரைக் குடிக்கிறது. அதனைத் ‘தரவு மையம்’ என்பர்.

தரவு மையமாவது யாது? ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கடுக்காக நிறுத்தி, இரவு பகல் ஓயாது இயக்கும் பெருங்கட்டடம். வங்கிப் பணம் கைமாறுவதும், தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்வதும், தேர்வு முடிவு வெளியாவதும், செயற்கை நுண்ணறிவு விடை பகர்வதும் இத்தகைய மையங்களின் துணையாலேயே நிகழ்கின்றன. பணப் பரிமாற்றத் தரவுகளை நம் நாட்டிலேயே சேமித்தல் வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018-இல் பணித்தது. கடலடி வடங்கள் கரையேறும் சென்னை இத்தொழிலுக்கு உகந்த இடமாயிற்று. தமிழக அரசும் 2021-இல் தரவு மையக் கொள்கையை வெளியிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இம்மையங்கள் எழுந்துள்ளன.

இவ்வளவு பயன் தருவதை மக்கள் ஏன் எதிர்க்கின்றனர்? ஓயாது இயங்கும் பொறி சூடேறும். சூட்டைத் தணிக்காவிடில் பழுதாகும். நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது ஒரு முறை. ஆவியாகிப் போன நீர் அவ்வூர்க் கிணற்றுக்குத் திரும்புவதில்லை. காற்றைக் கொண்டு குளிர்விப்பது மற்றொரு முறை. அதில் நீர் மிஞ்சும்; மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். கட்டி முடித்தபின் அங்கே வேலை பெறுவோரும் சிலரே.

2024-இல் உலக மின் நுகர்வில் தரவு மையங்களின் பங்கு ஏறத்தாழ 1.5 விழுக்காடு எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டது. இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஓரிடத்தில் அவை குவியும்போதுதான் சுமை புலப்படும். அயர்லாந்தில் 2015-இல் 5 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2023-இல் 21 விழுக்காடாயிற்று.

தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் 2023-இல் கடும் வறட்சி ஏற்பட்டது. தலைநகரின் குழாய்களில் உப்பேறிய நீர் வந்தது. அவ்வேளையில், கூகுள் நிறுவனம் அமைக்கவிருந்த தரவு மையத்தின் நீர்த்தேவையை எண்ணி மக்கள் கொதித்தெழுந்தனர். பின்னர் அந்நிறுவனம் காற்றால் குளிர்விக்கும் முறைக்குத் திட்டத்தை மாற்றிக்கொண்டது. அதே நிறுவனம் 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்திற்கு 1,500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தபோது, அங்கும் நிலம், நீர், மின்சாரம் குறித்த வினாக்கள் எழுந்தன.

நமக்கும் இப்பாடம் புதிதன்று. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுசென்றதை யாம் மறந்திலோம்.

"எதிர்ப்போர் கையிலும் கைப்பேசி உள்ளதே!" என்று நகைப்பாரும் உளர். கண்மாய் நீரில் தன் பங்கு என்னவென்று கேட்கும் உழவன் உழவுக்கு எதிரியாவானோ? பயனைத் துய்ப்பவனுக்கே அதன் விலையைக் கேட்கும் உரிமையும் உண்டு. ஒளுச் செய்யும் நீரிலும் சிக்கனம் வேண்டும் என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்தவன் யான். நீரைக் கணக்கின்றிச் செலவிடுதல் எவர்க்கும் ஆகாது என்பதே என் துணிபு.

கணக்கு என்பது நம் மண்ணுக்குரிய சொல். இம்மாவட்டத்துக் கண்மாய்களில் நிற்கும் குமிழித் தூம்புகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றை நாட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்தனர் முன்னோர். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள் கேட்டதும், தம் நிலத்துக்கும் நீருக்கும் என்ன நேரும் என்பதே. 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் இம்மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் இடம்பெற்றன. கேட்ட குரல் வீண்போகவில்லை.

ஆகவே தரவு மையம் வேண்டுமா, வேண்டாவா என்பது முதல் வினா அன்று. நாள்தோறும் எத்தனை இலட்சம் லிட்டர் நீர்? அஃது எங்கிருந்து வரும்? குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா? மின்சாரம் எவ்வளவு? நிலையான வேலை எத்தனை பேருக்கு? இவற்றை நிலம் வழங்குமுன் கிராம சபையில், தமிழில், ஊரார் முன் வைத்தல் வேண்டும்.

தமிழில் என்பதை அழுத்திக் கூறக் காரணம் உண்டு. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் வெளியிடுமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. தனக்கு விளங்காத மொழியிலுள்ள அறிக்கையைப் படித்து எந்த உழவன் கருத்துரைப்பான்? தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களே! இத்தகைய அறிக்கைகளை எளிய தமிழில் எழுதவும், ஊராருக்குப் படித்து விளக்கவும் நீங்கள் முன்வருதல் வேண்டும். கல்வெட்டைப் படிக்கக் கற்ற கண்கள், அரசின் அறிக்கையையும் படிக்கக் கற்கட்டும்.