முதலில் பென்சில், பிறகு கமரா
(மாணவர் றொக் இசைச் சஞ்சிகை ஒன்றின் வடிவமைப்பும் புகைப்படமும் பற்றிய கருத்துக் கட்டுரை)



"திட்டமிடல்" என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களில் பலருக்குக் கொட்டாவி வரும். கட்டுரை எழுத முன்னர் ஐந்து நிமிடம் குறிப்புச் சட்டகம் போடுங்கள் என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். பத்துப் பேரில் இருவர் போடுவார்கள். மற்றவர்கள் "நேரம் போயிடும் சேர்" என்பார்கள். அதே விடயத்தை இன்று வேறொரு வழியால் சொல்லிப் பார்க்கிறேன். கட்டுரையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மாணவர் ஒருவர் தயாரிக்கும் றொக் இசைச் சஞ்சிகையை எடுத்துக்கொள்வோம்.

பரீட்சைக்கு ஒரு சஞ்சிகை

பிரித்தானியாவில் ஓ.சி.ஆர். என்றொரு பரீட்சைச் சபை உண்டு. 2008ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் அது நடத்திய ஊடகக் கல்விப் பாடத்தில், உயர்தர முதலாம் ஆண்டு மாணவர்கள் செய்முறை வேலை ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. தெரிவு செய்யக்கூடிய வேலைகளுள் ஒன்று, புதிய இசைச் சஞ்சிகை ஒன்றின் முன்னட்டை, உள்ளடக்கப் பக்கம், இரண்டு பக்கங்களில் விரியும் கட்டுரை ஆகிய மூன்றையும் தயாரிப்பதாகும். குறைந்தது நான்கு படங்கள் இருக்க வேண்டும். படமும் எழுத்தும் முழுவதும் மாணவருடைய சொந்த ஆக்கமாக இருக்க வேண்டும். பலர் றொக் இசையைத் தெரிவு செய்தார்கள்.

மொத்தம் 100 புள்ளிகள். ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, தயாரித்த பக்கங்களுக்கு 60, தன் வேலையைத் தானே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. அந்தப் பாடத்திட்டம் பின்னர் மாற்றப்பட்டுவிட்டது. ஆயினும் அந்தப் புள்ளிப் பங்கீட்டில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. திட்டமிடலுக்குரிய 20 புள்ளிகளை "சும்மா கிடைக்கும் புள்ளி" என்று நினைத்தவர்கள், அடுத்த 60 புள்ளிகளிலேயே அடி வாங்கினார்கள். அந்த 20 தான் 60ஐத் தீர்மானிக்கிறது என்பதே என் கருத்தாகும். அதற்கான காரணத்தை என் பழைய மாணவர் ஒருவரின் அனுபவத்தைக் கொண்டே காட்டலாம்.

அறுபது படங்கள்

அவர் தரம் 9 வரை என்னிடம் படித்தவர். பின்னர் குடும்பத்தோடு லண்டன் சென்று அங்கே இந்தப் பாடத்தை எடுத்தார். விடுமுறைக்கு ஊர் வந்தபோது தன் வேலைகள் அடங்கிய கோவையைக் கொண்டுவந்து காட்டினார். "சேர், முதல் தரம் அறுபது படம் எடுத்தனான். ஒண்டுகூடப் பக்கத்துக்குள்ள நிக்கேல்லை" என்றார்.

படங்கள் கெட்ட படங்கள் அல்ல. இசைக்குழு வைத்திருந்த நண்பர்கள் நால்வரை ஒரு மண்டபத்தில் நிறுத்தி, ஒரே பின்னேரத்தில் உற்சாகமாக எடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து கணினியில் பக்கத்தை விரித்த பிறகுதான் ஒவ்வொரு சிக்கலாகத் தெரிந்திருக்கிறது.

முதலாவது, சஞ்சிகைப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். அவர் கமராவைக் கிடையாகப் பிடித்து எடுத்திருந்தார். பக்கத்துக்கு ஏற்ப வெட்டினால் ஒன்றில் கிற்றார் போய்விடும், அல்லது கிற்றார் வாசிப்பவரின் கை போய்விடும்.

இரண்டாவது, தலைக்கு மேலே வெற்றிடம் விடவில்லை. சஞ்சிகையின் பெயரை மேலே போட்டதும் பாடகரின் நெற்றி மறைந்துவிட்டது.

மூன்றாவது, எல்லோரும் கறுப்பு ரீசேட். பின்னால் இருந்ததோ கருநீலத் திரைச்சீலை. நான்கு முகங்கள் இருட்டில் மிதப்பதுபோல் இருந்தன.

நான்காவது, இரட்டைப் பக்கத்துக்கென்று வைத்திருந்த படத்தில் பாடகர் நட்டநடுவில் நின்றார். பக்கத்தை விரித்தால் அவருடைய மூக்கு மடிப்புக்குள் போய்விட்டது!

இவற்றுள் ஒன்றையேனும் விலையுயர்ந்த கமரா திருத்தியிருக்காது. ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் நான்கையும் திருத்தியிருக்கும். இரண்டாம் தடவை அவர் அதைத்தான் செய்தார். ஏ4 தாளில் நான்கு பக்கங்களையும் வரைந்தார். பெயர் எங்கே, தலைப்பு எங்கே, படம் எங்கே, எழுத்து எத்தனை நிரல் என்று கட்டம் போட்டார். பிறகு ஒவ்வொரு படக் கட்டத்துக்கும் ஒரு வரி எழுதினார்: யார், எந்த இடம், என்ன உடை, எந்த நேரத்து வெளிச்சம், கமரா நிமிர்ந்தா கிடையா, வெற்றிடம் எந்தப் பக்கம். அந்தப் பட்டியலோடு போய், வெளிறிய செங்கல் மதில் ஒன்றின் முன்னால், வெயில் தாழ்ந்த நேரத்தில் எடுத்தார். இருபது படங்களே எடுத்தார். தேவையான நான்கும் அவற்றுள் இருந்தன.

யாருடைய கைக்குப் போகிறது?

வடிவமைப்பு என்றவுடன் அழகிய எழுத்துருவும் பளபளக்கும் நிறமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை யார் வாசிக்கப் போகிறார் என்பதாகும்.

இரண்டு பிரித்தானியச் சஞ்சிகைகளை ஒப்பிடுவோம். "கெராங்!" 1981ஆம் ஆண்டு "சவுண்ட்ஸ்" என்ற வாரப் பத்திரிகையின் இணைப்பாக வெளிவரத் தொடங்கியது. மின்கிற்றாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஓசையே அதன் பெயர். பெயரின் எழுத்துகள் கண்ணாடி உடைந்ததுபோல் வெடிப்பு விழுந்திருக்கும். படங்கள் ஒன்றோடொன்று முட்டிமோதி நிற்கும். அதன் வாசகர் கடும் ஓசையை விரும்பும் இளைஞர். பக்கமும் அதே சத்தத்தைப் போடுகிறது. 1986இல் தொடங்கி 2020இல் நின்றுபோன "கியூ" என்ற சஞ்சிகையோ, சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளை நிறத்தில் ஒரே ஓர் எழுத்தைப் பெயராக வைத்திருந்தது. சற்று வயது கூடிய, நீண்ட கட்டுரைகளை ஆறுதலாக வாசிக்கும் இசை ரசிகர்களை அது நோக்கியது. இரண்டும் றொக் இசையைப் பற்றி எழுதியவைதான். வாசகர் வேறு, ஆகவே முகமும் வேறு.

ஆகவே, நிறங்களை இரண்டு மூன்றோடு நிறுத்த வேண்டும் என்றும், எழுத்துரு இரண்டு போதும் என்றும் ஆசிரியர்கள் சொல்வது வெறும் கட்டுப்பாடு அல்ல. முன்னட்டையில் கண்ட நிறமும் எழுத்தும் உள்ளே திரும்பவும் வரும்போதுதான், இது ஒரே சஞ்சிகை என்று வாசகரின் கண் நம்பும்.

ஒரு படம் போதுமான அட்டை

புகைப்படத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய "ரோலிங் ஸ்ரோன்" சஞ்சிகையின் 1981 ஜனவரி 22ஆம் திகதி இதழைப் பாருங்கள். அனி லீபோவிற்ஸ் எடுத்த படம் அதன் அட்டையில் இருக்கிறது. இசைக்கலைஞர் ஜோன் லெனன் தன் மனைவி யோக்கோ ஓனோவைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். அந்தப் படம் எடுக்கப்பட்ட நாள் 1980 டிசம்பர் 8. அன்றிரவே லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அட்டையில் சஞ்சிகையின் பெயர் இருந்தது. செய்தித் தலைப்பு எதுவும் இல்லை. உலகமே பேசிக்கொண்டிருந்த ஒரு மரணத்தைப் பற்றி ஒரு வரிகூட அட்டையில் எழுதாமல் விட்டார்கள். படம் பேசும் இடத்தில் எழுத்து மௌனமாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2005ஆம் ஆண்டு அமெரிக்கச் சஞ்சிகை ஆசிரியர்களின் சங்கம், முந்திய 40 ஆண்டுகளில் வெளிவந்த அட்டைகளுள் அதையே முதலாவதாகத் தெரிவு செய்தது. எதைப் போடுவது என்று முடிவெடுப்பது மட்டுமல்ல, எதை விடுவது என்று முடிவெடுப்பதும் வடிவமைப்பே.

"திட்டமில்லாமலும் நல்ல படம் வருமே?"

இப்படி நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், சான்றும் இருக்கிறது. "த கிளாஷ்" என்ற பிரித்தானிய றொக் குழு 1979 செப்ரெம்பரில் நியூயோர்க்கின் பலேடியம் அரங்கில் இசை நிகழ்ச்சி நடத்தியது. போல் சிமொனன் தன் பேஸ் கிற்றாரை மேடையில் ஓங்கி அடித்து உடைத்த கணத்தைப் புகைப்படக் கலைஞர் பெனி சிமித் எடுத்தார். படம் தெளிவில்லாமல் கலங்கிப்போயிருந்தது. அதை இசைத்தட்டின் அட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று பெனி சிமித்தே சொன்னார். குழுவினர் கேட்கவில்லை. "லண்டன் கோலிங்" இசைத்தட்டின் அட்டையாகிய அப்படம் இன்று றொக் இசையின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணத்தை யாரும் திட்டமிடவில்லை. அந்த அட்டை திட்டமிடப்பட்டது. வடிவமைத்த ரே லோரி, எல்விஸ் பிறெஸ்லியின் 1956ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டு அட்டையில் இருந்ததுபோலவே இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளைப் படத்தின் இடப்புறத்திலும் கீழேயும் நிறுத்தினார். எல்விஸ் தொடங்கிய இசையின் கதையில் இந்தக் குழு எங்கே நிற்கிறது என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிட்டன. பெனி சிமித்தும் தற்செயலாக அங்கே நின்றவர் அல்லர். இசைக்குழுக்களைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். எதிர்பாராத நல்ல படம், ஆயத்தமாக நிற்பவருக்கே அகப்படுகிறது. அகப்பட்ட பிறகும் அதற்கொரு பக்கம் வரைந்தாக வேண்டும்.

வசதி இல்லை என்பது காரணமா?

"எங்களிடம் கமரா இல்லை, கணினி இல்லை" என்பது அடுத்த மறுப்பு. 1976ஆம் ஆண்டு லண்டனில் மார்க் பெரி என்ற இளம் வங்கி ஊழியர் "ஸ்னிஃபின் குளூ" என்ற பங் றொக் சஞ்சிகையைத் தொடங்கினார். தட்டச்சுப் பொறியில் கட்டுரை, தடித்த பேனையால் கையெழுத்துத் தலைப்பு, போட்டோக் கொப்பி எடுத்த தாள்கள். அவ்வளவுதான். எழுத்துப் பிழைகளை வெட்டிவிட்டு அப்படியே வெளியிட்டார். அவசரமும் கோபமும் நிறைந்த அந்த இசைக்கு அவசரமான அந்தப் பக்கங்கள் பொருந்தின. இன்று உங்கள் வீட்டிலுள்ள கைத்தொலைபேசியின் கமராவும் ஜன்னலோர வெளிச்சமும் அவரிடம் இருந்ததைவிடக் கூடிய வசதிகளாகும்.

சொந்தப் படம், சொந்த விடை

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். அந்தப் பரீட்சைச் சபை விதித்த நிபந்தனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது "படங்கள் சொந்தமாக இருக்க வேண்டும்" என்பதே. இணையத்தில் புகழ்பெற்ற றொக் கலைஞர்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவற்றை ஒட்டினால் பக்கம் அழகாகத்தான் இருக்கும், புள்ளிதான் கிடைக்காது. பக்கத்து வீட்டு நண்பனை நிறுத்தி எடுத்த சுமாரான படத்துக்குப் புள்ளி உண்டு. ஏனெனில் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு மாணவரின் முடிவுகள் இருக்கின்றன.

எங்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒப்படையைக் கடையில் பணம் கொடுத்துச் செய்விப்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணாவின் செயற்றிட்டத்துக்கு அட்டையை மாற்றித் தம்பி கொடுக்கிறான். இதில் எங்களைப் போன்ற ரியூசன் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. மாதிரிக் கட்டுரையைக் கையில் தந்து "இதைப் பாடமாக்கு" என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒரே கட்டுரையை முப்பது விடைத்தாள்களில் கண்ட நாளில்தான் என் தவறு எனக்கு விளங்கியது. முப்பது பிள்ளைகளின் குரலை நான் ஒரு குரலாக்கிவிட்டேன்.

றொக் இசை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். "ஓஎல் எடுக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் கேட்கவும் கூடும். மெல்லிசையோ, பறையோ, உங்கள் பாடசாலையின் பான்ட் வாத்தியக் குழுவோ, எதைப் பற்றிய சஞ்சிகையானாலும் வேலை ஒன்றுதான். வாசகரைத் தீர்மானித்தல், பக்கத்தை வரைதல், அந்தப் பக்கத்துக்கென்றே படமெடுத்தல். பரீட்சை மண்டபத்தில் கட்டுரை வினாவைக் கண்டதும் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுவே. சட்டகம் போடாமல் எழுதத் தொடங்கும் மாணவர், பக்கத்தை வரையாமல் அறுபது படங்கள் எடுத்தவரைப் போன்றவர். கடைசிப் பந்திக்கு வரும்போதுதான் தலைக்கு மேலே இடமில்லை என்பது அவருக்குத் தெரியவரும். என் பழைய மாணவருக்கு இன்னொரு பின்னேரம் கிடைத்தது. பரீட்சை மண்டபத்தில் அது கிடைக்காது.

ஆகவே மாணவர்களே, அந்த ஐந்து நிமிடத்தை உங்களுக்கே கொடுங்கள்.

சிந்திப்பதற்கு:
1. உங்கள் பாடசாலைச் சஞ்சிகையின் முன்னட்டை யாரை நோக்கிப் பேசுகிறது? அதன் நிறம், எழுத்து, படம் ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.
2. உங்களுக்குப் பிடித்த இசை பற்றிய சஞ்சிகை ஒன்றின் முன்னட்டையைப் பென்சிலால் வரைந்து, அதற்குத் தேவையான படத்தை ஐந்து வரிகளில் விவரிக்க.
3. "திட்டமிடாமல் செய்த வேலையே உயிரோட்டமுள்ளது." இக்கூற்றை ஏற்கிறீரா? காரணங்கள் தருக.