நோயாளியின் தட்டில் யாருடைய ஆசாரம்?

2023 ஆகஸ்டில் திருவண்ணாமலைக்கு வந்த ஆளுநர் ஆர்.என். ரவி, கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களுக்கு வேதனை தருகிறது என்று பேசினார். அதையொட்டி எழுந்த விவாதம் முழுவதும் கடைகளைப் பற்றியே இருந்தது. கடையில் கிடைப்பது பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போகலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளி எங்கே போவார்? அதே ஆசாரம் இந்த ஊரின் சில மருத்துவமனைச் சமையலறைகளுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

உணவும் சாதியும் குறித்த என் முனைவர் பட்ட ஆய்வுக்காக மருத்துவமனைச் சமையலறைத் தொழிலாளர்களையும், அங்கே நோயாளியின் உணவைத் திட்டமிடும் டயட்டீஷியன்களையும் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். டயட்டீஷியன் என்றால் உடல் எடை குறைக்க ஆலோசனை சொல்பவர் என்பதுதான் பொதுப்புத்தி. அவர்களின் வேலை நாள் வேறு மாதிரியானது.

காலை ஏழு மணிக்குள் வார்டு வாரியாக டயட் ஷீட் தயாராக வேண்டும். இரவில் சேர்ந்தவர் யார், அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவர் யார், யாருக்கு உப்பில்லாச் சாப்பாடு, யாருக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி என்று பிரித்து எழுத வேண்டும். சிறுநீரக நோயாளிக்கான காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார்களா என்று அடுப்பருகே நின்று பார்க்க வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் குறையும். தட்டு மாறினால் உயிருக்கே ஆபத்து. பிறகு வார்டு சுற்று, சாப்பிடாமல் திரும்பி வந்த தட்டுகளின் கணக்கு, வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆலோசனை. பௌர்ணமி என்றால் நகருக்குள் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். பாலும் காய்கறியும் முந்தின நாளே வந்து சேர்ந்தாக வேண்டும். தீபத் திருவிழா வந்தால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு பொறுப்பும் தலையில் இருக்கிறது. ஆனால் சமையலறைக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் இல்லை. நான் சந்தித்த ஒரு டயட்டீஷியன் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் முட்டைக்குத் தடை. “கோயில் ஊர், நம்ம கிச்சன் சுத்த சைவம்” என்பது நிர்வாகத்தின் ஒற்றை வரி விளக்கம்.

இந்தத் தடையால் அதிகம் பாதிக்கப்படுபவர் டயாலிசிஸ் நோயாளி. டயாலிசிஸ் தொடங்கும் வரை புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு கூட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உடலிலிருந்து புரதச்சத்து வெளியேறுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை தேவை. அறுபது கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். பருப்பைக் கூட்டினால் பொட்டாசியம் ஏறும். பாலையும் பனீரையும் கூட்டினால் பாஸ்பரஸ் ஏறும். முட்டையின் வெள்ளைக்கருவில் தரமான புரதம் உண்டு, பாஸ்பரஸோ மிகக் குறைவு. விலையும் மலிவு. பாடப் புத்தகத்தில் படித்த இதைத் தன் நோயாளிக்கு எழுத முடியாமல், பல நூறு ரூபாய் விலையுள்ள புரத மாவு டப்பாவை எழுதிக்கொடுக்கிறார் அந்த டயட்டீஷியன். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அதை ஒரு முறை வாங்கும். மறுமுறை வாங்காது. ஒரு நோயாளியின் மனைவி வீட்டிலேயே முட்டையை அவித்து, சோற்றுக்கடியில் புதைத்து கேரியரில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மருந்தாக வேண்டிய உணவைத் திருட்டுப் பொருள்போல ஒளித்துக் கொண்டுவர வைத்தது எது?

“சைவம் எல்லோரும் சாப்பிடலாம், பொதுச் சமையலறைக்கு அதுதானே சரி?” என்று கேட்பார்கள். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் 97.65 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். மீதமுள்ளவர்களுக்குச் சைவத் தட்டு கிடைக்க வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தச் சிலரின் பழக்கத்தை அத்தனை பேருக்கும் விதியாக்கிவிட்டு அதற்குப் ‘பொது’ என்று பெயர் வைப்பது சாதியம். இந்தச் சிக்கலைத் தமிழ்நாடு பள்ளிக்கூடத்தில் எப்போதோ தீர்த்துவிட்டது. 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் முட்டை சேர்ந்தது. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. பள்ளிக்கூடத்தால் முடிந்தது மருத்துவமனையால் முடியாதா?

தடை இல்லாத இடங்களிலும் ஆசாரம் வேறு வடிவில் வருகிறது. டயட்டீஷியன் நோயாளியிடம் முதலில் கேட்பது, “வீட்டில் என்ன சாப்பிடுவீங்க?” இது மருத்துவக் கேள்வி. ஆனால் செங்கம் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த பெண்ணுக்கு அது சாதியைக் கேட்பதுபோலவே ஒலிக்கிறது. “கோழி மட்டும் எப்பவாவது மேடம்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். மாட்டுக்கறி, ரத்தப் பொரியல், குடல், கருவாடு, வயல் நண்டு எல்லாம் அந்தப் பதிலில் மறைந்துபோகின்றன.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கீரையிலுள்ள இரும்புச்சத்தைவிட இறைச்சியிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும் என்பது ஊட்டச்சத்து அறிவியலின் பாலபாடம். ஈரலும் சுவரொட்டியும் ரத்தம் ஊறவைக்கும் என்று நம் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கையில் தரும் அச்சிட்ட தாளில் பேரீச்சை, மாதுளை, பாதாம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் பழங்குடியினருக்கும் அதே தாள்தான். சாமை விளைவிக்கிறவரிடம் ஓட்ஸ் வாங்கச் சொல்கிறது அது.

மறைப்பதால் இன்னொரு கேடும் உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர் கருவாட்டைக் குறைக்கத்தான் வேண்டும். அவர் கருவாடு சாப்பிடுவதையே சொல்லாதபோது டயட்டீஷியன் எதைக் குறைக்கச் சொல்வார்? கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தால்தான் எவ்வளவு, எப்படி, எப்போது என்று பேசவே முடியும்.

அடுத்த கேள்வி, சமைப்பது யார்? நான் சென்ற சமையலறைகளில் கரண்டி பிடிப்பவர் ஒரு சாதி, எச்சில் தட்டு கழுவி வாளி தூக்குபவர் இன்னொரு சாதி. பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். அட்டவணையை டயட்டீஷியன் போட்டாலும் யாரை எங்கே நிறுத்துவது என்பதை ஒப்பந்தக்காரரே முடிவு செய்கிறார். பாத்திரம் கழுவும் பெண்ணை அடுப்பருகே நிறுத்தச் சொன்னால் “சரிப்படாது மேடம்” என்பதோடு பேச்சு முடிகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் பாப்பாள் என்ற அருந்ததியர் பெண் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் போராடியதை நாடே பார்த்தது. மருத்துவமனையில் அந்தப் போராட்டத்துக்கு அவசியமே வரவில்லை. வேலைப் பிரிவினையே அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

இது திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. ரமணாசிரமத்தின் உணவுக்கூடத்திலேயே பார்ப்பனர்களையும் மற்றவர்களையும் பிரிக்கும் தடுப்பு ஒன்று இருந்திருக்கிறது. தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை, அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு, காத்திருக்க வேண்டியிருந்தது. பந்தியிலும் கோயில் வாசலிலும் நின்ற அதே கோடு நோயாளியின் தட்டின் மேலும் விழுகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். மக்கள் வரிப்பணத்தில் சிகிச்சை தரும் எந்த மருத்துவமனையும், மருத்துவக் காரணத்தோடு டயட்டீஷியன் எழுதும் முட்டையை மறுக்கக் கூடாது என்று அரசு நிபந்தனை விதிக்க வேண்டும். உணவு ஆலோசனைத் தாள்கள் இந்த மாவட்டத்து மக்கள் உண்பதை, மாட்டுக்கறி உட்பட, பெயர் சொல்லி எழுத வேண்டும். சமையலறைப் பணிகளைச் சுழற்சி முறையில் பங்கிட வேண்டும். அதை முடிவு செய்யும் அதிகாரம் ஒப்பந்தக்காரரிடம் இருக்கக் கூடாது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் உணவியல் நிபுணர்களையும் உள்ளடக்குகிறது. அவர்கள் எழுதும் உணவுக்கு மருத்துவர் எழுதும் மருந்துக்குரிய மதிப்பை அந்தச் சட்டத்தின் வழியே பெற்றுத் தர வேண்டும்.

டயட்டீஷியன்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி “கோழி மட்டும்தான்” என்று தயங்கும்போது, “மாட்டுக்கறி, கருவாடு எல்லாம் உண்டுங்களா அம்மா? இருந்தா சொல்லுங்க, நல்லதுதான், கணக்கு போடணும்” என்று நீங்களே கேளுங்கள். அப்படி ஒருவர் கேட்டால் அந்தப் பெண் நிமிர்ந்து பதில் சொல்வார். அவருடைய சிகிச்சை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க முடியும்.