குரலுக்கு அஞ்சிப் பொருளிழப்பதோ?

தேவதானம் என்ற பெயருக்குத் தெய்வத்திற்கு ஈந்த நிலம் என்பது பொருள். மலையடிவாரத்திலுள்ள அவ்வூர்ச் சிவாலயத்தை ஆகாய ஸ்தலமென்று தென்பாண்டி நாட்டார் போற்றுவர். மனமுவந்து ஈவது தானம். பயமுறுத்திப் பறிப்பது கொள்ளை. இக்காலத்திலோ, ஆகாயமார்க்கமாக வரும் ஒரு குரலுக்கு அஞ்சி, ஆயுட்காலச் சேமிப்பைத் தம் கையாலேயே அனுப்பிவிட்டு அழுவோர் தொகை நாடெங்கும் பெருகி வருகின்றது. தேவதானத்து மாந்தோப்புக்காரரும், இராஜபாளையத்து நூலாலைத் தொழிலாளியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்ஷன் பெறும் உபாத்தியாயரும் இவ்வலைக்குப் புறம்பானவரல்லர்.

மோசத்தின் முறை யாது? டெலிபோனில் பேசுவோன் தன்னை மும்பைப் போலீஸ் அதிகாரியென்றோ, ஸி.பி.ஐ. உத்தியோகஸ்தனென்றோ கூறிக்கொள்ளுகிறான். உம் பெயரிட்ட பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டது என்கிறான். அல்லது உம் ஆதார் எண்ணைக் கொண்டு துவக்கிய கணக்கில் கள்ளப்பணம் புழங்கியது என்கிறான். வீடியோவில் உடுப்பணிந்த ஒருவன் தோன்றுகிறான். முத்திரையிட்ட கடிதம் வருகிறது. “நீர் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர், மனைவி மக்களிடமும் வாய் திறக்கலாகாது, விசாரணை முடியும்வரை பணத்தை இக்கணக்குக்கு மாற்றும்” என்று உத்தரவு பிறக்கிறது.

2024 ஆகஸ்டில் லூதியானாவில் வர்த்மான் நூலாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் இவ்விதமே 7 கோடி ரூபாய் பறித்தனர். சுப்ரீம் கோர்ட் பிரதம நீதிபதியைப் போல் நடித்துப் போலி விசாரணையே நடத்தினர். கல்வியும் செல்வமும் உலக அனுபவமும் அவரைக் காக்கவில்லை. ஆகையால், ஏமாந்தவரை மூடரென்று நகைப்பது அறிவீனமாகும். அந்நகைப்புக்கு அஞ்சியே பலர் போலீஸுக்குச் சொல்லாது மறைக்கின்றனர். அந்த மௌனமே திருடனுக்கு அரண்.

சட்டம் கூறுவதென்ன? டிஜிட்டல் கைது என்பதொன்று நம் நாட்டுச் சட்டத்தில் எவ்விடத்தும் இல்லை. கைது செய்பவர் காரணம் சொல்லவேண்டும். அரசியல் சாஸனத்தின் 22-ஆம் விதிப்படி, கைதானவர்க்கு வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையுண்டு. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவேண்டும். எவரிடமும் சொல்லாதே என்பவன் அதிகாரியல்லன், திருடனே. சுப்ரீம் கோர்ட்டும் இவ்விஷயத்தைத் தானாகவே 2025 அக்டோபரில் எடுத்துக்கொண்டு, டிஸம்பரில் ஸி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

அந்நிய ஆட்சியில் சிவப்புத் தலைப்பாகையைக் கண்டு நடுங்கிய ஜனங்களுக்குத் தேசீய இயக்கம் போதித்த முதற்பாடம் அஞ்சாமையன்றோ? 1949 இல் சென்னை மாகாண மந்திரிசபைக்குத் தலைமை பூண்ட குமாரசாமி ராஜாவைத் தந்த இராஜபாளையத்திற்கு அப்பாடம் புதிதன்று. ஆயினும், அதிகாரத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் காரணம் கேளாது பணியும் பழக்கம் நம்மிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது. மோசக்காரனின் மூலதனம் அதுவே.

நாம் சொல்வது இது: அத்தகைய அழைப்பு வந்தால் டெலிபோனை வைத்துவிடுக, வீட்டாரிடம் உடனே சொல்லுக, ஐயமிருந்தால் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் சென்று கேளுக. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் வேண்டியதில்லை; அதைத் தட்டினால் பணம் போகுமேயன்றி வாராது. ஏமாந்துவிட்டாலோ, கணமும் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்து, பாங்கிக்கும் அறிவிக்கவேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு பாயுமுன் சொன்னால் தடுத்து நிறுத்த வழியுண்டு. வேதாரணியத்தில் உப்பெடுத்த ஆண்டும் 1930 ஆதலால் தேசபக்தர் எவரும் அவ்வெண்ணை மறவார்.

பாங்கிகளுக்கும் கடமையுண்டு. முதியவர் ஒருவர் வைப்புத்தொகை முழுவதையும் முறித்து, முன்பின் அறியாத கணக்குக்கு அனுப்ப வரும்போது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும். தொண்டர்களும் மேடைப் பேச்சோடு நில்லாது, கிராமந்தோறும் திண்ணைகளில் அமர்ந்து இதை எடுத்துரைப்பாராக. பிறன் உழைத்த பொருளைக் காப்பதும் தேச சேவையே.