மௌத்தானவருக்குச் சங்கம் இருக்கிறது, படுத்த படுக்கையில் இருப்பவருக்கு யார் இருக்கிறார்?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கசக்கும். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள், பரவாயில்லை.

தரம் 10இல் படிக்கும் ஒரு பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. இந்தத் தவணையில் வாரத்துக்கு இரண்டு நாள் வரவு இடாப்பில் அவளுடைய பெயருக்கு நேரே வட்டம் விழத் தொடங்கியது. கேட்டால் "காய்ச்சல் டீச்சர்" என்பாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல் வருமா? எங்களில் இருவர் வீடு தேடிப் போனோம்.

வீட்டின் பின் அறையில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் முழுவதும் விழுந்துபோன உம்மம்மா. மூன்று வருடமாகப் படுக்கை. முதுகில் படுக்கைப் புண். பிள்ளையின் உம்மாவுக்கு நாற்பது வயதுதான், பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். எங்களைக் கண்டதும் அழவில்லை, கோபப்பட்டார். "டீச்சர், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் போடச் சொல்லி டொக்டர் சொல்றார். நான் ஒராள் காணாது. மருந்தெடுக்கக் கிளினிக் போற நாளைக்கு இவள் நிக்காம வேற யார் நிக்கிற?"

அந்த உம்மம்மாவுக்கு நான்கு ஆண் பிள்ளைகள். இருவர் வளைகுடாவில். ஒருவர் கொழும்பில் வியாபாரம். ஒருவர் அதே ஊரில், நடந்து போனால் ஐந்து நிமிடத் தூரத்தில். நால்வரும் நல்ல மனிதர்கள், தொழுகையாளிகள். காசும் அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை வீடியோ கோலும் எடுக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று வருடத்தில் ஒரு இரவுகூட உம்மாவின் பக்கத்தில் தூங்கவில்லை. "வீட்டைத் தங்கச்சிக்குத்தானே குடுத்தோம்" என்பது அவர்களுடைய கணக்கு.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. எங்கள் பாடசாலையிலேயே தேடிப் பார்த்தபோது இப்படி இன்னும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

நமது சமூகத்துக்கு ஒரு பெருமை உண்டு. "முதியோர் இல்லம் என்ற பேச்சே நம்மிடம் இல்லை. உம்மா வாப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளும் வழக்கம் மற்றவர்களுக்குத்தான்" என்று மேடையில் சொல்கிறோம், பிள்ளைகளுக்கும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பெருமையை யார் தூக்கிச் சுமக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறோமா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு பெண் சுமக்கிறாள். மகள், இல்லாவிட்டால் மருமகள். அவளுக்கு உதவியாக, பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு பெண் பிள்ளை. நாம் முதியோர் இல்லம் கட்டவில்லை என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக ஒரு பெண்ணையே முதியோர் இல்லமாக்கி வைத்திருக்கிறோம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, இரவுக்கு மாற்றாள் இல்லை.

கிழக்கில் நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, உம்மா வாப்பா அந்த வளவிலேயே ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். இதில் நன்மையும் உண்டு. வயசுபோன காலத்தில் பெற்ற மகளின் கையால் சோறு கிடைக்கிறது. ஆனால் அதையே சாட்டாக வைத்து ஆண் பிள்ளைகள் தப்பித்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் எங்கே இடம் இருக்கிறது? பெற்றோருக்கு உபகாரம் செய்யச் சொன்ன கட்டளை வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்து இறங்கவில்லை. மாமியைக் கழுவித் துடைப்பது மருமகளின் மீது மார்க்கம் விதித்த கடமையல்ல, அவள் செய்தால் அது அவளுடைய நற்குணம் என்று உலமாக்களே சொல்கிறார்கள். அதை ஏன் மிம்பரில் சொல்வதில்லை? சுவர்க்கம் தாயின் காலடியில் என்று ஆண்களுக்கு பயான் செய்கிறோம். அந்தக் காலுக்கு நகம் வெட்டிவிடுவது யார் என்று கேட்பதில்லை.

இப்போது நெஞ்சில் கை வைத்து ஒரு கேள்வி. நமது ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கம் இல்லாத ஊர் எத்தனை?

மௌத்துச் செய்தி வந்தால் போதும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு. வாட்ஸ்அப் குரூப்பில் பத்து நிமிடத்தில் தகவல். சந்தூக்கு வரும், கபன் துணி வரும், குளிப்பாட்ட ஆள் வரும், வாகனம் வரும், கபுறு வெட்ட வாலிபர்கள் மண்வெட்டியோடு நிற்பார்கள். வெளியூரில் மரணித்தாலும் இரவோடு இரவாகப் போய் எடுத்து வருகிறார்கள். மாஷா அல்லாஹ், இதில் நமக்கு நிகர் நாமேதான். கொரோனாக் காலத்தில் நமது மையித்துகளை எரித்தபோது இந்தச் சமூகம் எப்படித் துடித்தது, எப்படி ஒன்றுபட்டது என்பதை மறக்க முடியாது. இறந்த உடலின் கண்ணியத்துக்காக அப்படிப் போராடியவர்கள் நாம்.

அதே உடல் உயிரோடு மூன்று வருடம் புண்ணாகிக் கிடந்தபோது இந்தச் சங்கம் எங்கே போனது? அந்தச் சந்தூக்கைத் தூக்கும் வாலிபர்களில் இருவர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, அந்த உம்மாவைக் கதிரையில் தூக்கி வைத்து, திண்ணையில் கொஞ்சம் காற்று வாங்க விட்டால் என்ன குறைந்துவிடும்? மௌத்துக்குப் பிறகு மூன்றாம் நாள் கத்தம் ஓதலாமா, நாற்பதாம் நாள் சோறு கொடுக்கலாமா, அது பித்அத்தா என்று முப்பது வருடமாகச் சண்டை பிடிக்கிறோம், பள்ளியையே இரண்டாகப் பிரிக்கிறோம். மௌத்துக்கு முந்திய ஆயிரம் இரவுகளில் அவரை யார் புரட்டிப் போட்டது என்பதில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏனென்றால் இரண்டு தரப்பும் அங்கே போகவே இல்லை.

"இது அரசாங்கத்தின் வேலை" என்று ஒரு கூட்டம் சொல்லும். சரி, அரசாங்கம் செய்ததையாவது நாம் எடுத்திருக்கிறோமா? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று அது சொல்கிறது. வசதியுள்ள பிள்ளை பார்க்காவிட்டால் பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். 60 வயது கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள 70 வயது கடந்தவருக்கு மாதக் கொடுப்பனவு இருக்கிறது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்ந்தது. பிரதேச செயலகத்தில் இதற்கென்றே உத்தியோகத்தர் இருக்கிறார். நாங்கள் போன வீட்டில் இதில் ஒன்றுகூடத் தெரியாது. விண்ணப்பம் நிரப்பித் தர ஆளில்லை. தேர்தல் காலத்தில் வீடு வீடாக வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலையத் தெரிந்த நமக்கு, ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கத் தெரியவில்லை.

அரசாங்கத்தையும் சும்மா விடத் தேவையில்லை. 5000 ரூபாவுக்குப் பெரியவர்களுக்கான பம்பர்ஸ் ஒரு மாதத்துக்குக் காணாது. பராமரிக்கும் பெண்ணுக்கென்று ஒரு சதம் இல்லை. ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று துண்டு வெட்டுவதோடு வாட்டின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எப்படித் தூக்குவது, எப்படிக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது, புண்ணை எப்படித் துடைப்பது என்று அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. 2012 கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் 60 கடந்தவர்கள் 12.4 வீதம், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அதற்குப் பிறகு அது கூடிக்கொண்டேதான் போகிறது. இதைக் கேட்பதற்கு நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வாய் இருக்கிறது. ஆனால் கேட்கச் சொல்லி நாம் அழுத்தம் கொடுக்கவில்லை.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு: தூரத்தில் இல்லை, பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரத்தில் அயலவர்களின் இயக்கமாகவே மாறியது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், ஆசிரியர் என்று சாதாரண ஆக்கள் பயிற்சி எடுத்து, தாதியோடு வீடு வீடாகப் போகிறார்கள். பெரும்பாலும் சில்லறைக் காசில்தான் ஓடுகிறது. 2008இல் அந்த மாநில அரசே இதற்கொரு கொள்கை வகுத்தது. முதலில் ஊர் எழுந்தது, பிறகு அரசாங்கம் வந்தது. நமது நாட்டிலும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா இருக்கிறது. மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்ப்பவர்களுக்கும் கொழும்பில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது. நமது ஊரில் வாப்பா வழி தவறிப் போனாலோ, பெற்ற மகளை "நீ யார்" என்று கேட்டாலோ, நாம் அதை நோய் என்று சொல்வதில்லை. ஜின் என்கிறோம், செய்வினை என்கிறோம், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். துஆ கேளுங்கள், நாங்களும் கேட்கிறோம். ஆனால் வைத்தியரிடமும் கொண்டு போங்கள்.

"காசு?" காசைப் பற்றி நாம் பேசலாமா? நல்லாயிருக்கும் பள்ளியை உடைத்துப் புதிதாகக் கட்டவும், இரண்டாவது மினாராவுக்கும், ஏசி போடவும் வசூலிக்க முடிகிறது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் ஏழைகளும் வறியவர்களும் முதல் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். மருந்துக்கு வழியில்லாமல் படுத்திருக்கும் முதியவர் அந்த இரண்டில் ஒருவர் இல்லையா? தையல் இயந்திரமும் ஆட்டோவும் கொடுத்துப் படம் பிடிக்கும் ஸகாத் கமிட்டிகள், ஒரு நோயாளிக் கட்டிலையும் காற்று மெத்தையையும் கொடுப்பதைப் பற்றி யோசித்ததுண்டா? மலசலக் கதிரையைக் கொடுத்துப் படம் போட முடியாது என்பதுதான் பிரச்சினையோ?

"வீட்டுக்குள் அந்நியர் வருவதா, பர்தா என்னாவது?" நியாயமான கேள்வி. பெண்களிடம் பெண்கள் போகட்டும், ஆண்களிடம் ஆண்கள் போகட்டும். மையித்தைக் குளிப்பாட்டும்போது இந்த ஒழுங்கைச் சரியாகச் செய்கிறோமே, உயிரோடு இருப்பவருக்கு மட்டும் ஏன் முடியாது?

நாங்கள் கேட்பது பெரிய கட்டிடம் அல்ல. திறப்பு விழா, பொன்னாடை, பெயர்ப் பலகை எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் படுக்கையில் இருப்பவர்கள் யார், அவர்களைப் பார்ப்பவர் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஜனாஸா சங்கத்தின் கொப்பியிலேயே பின்பக்கத்தில் எழுதலாம். கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வோக்கர் ஆகியவற்றைப் பள்ளியில் வைத்து இரவல் கொடுங்கள். ஒருவர் மௌத்தானதும் வீட்டு மூலையில் தூசு பிடித்துக் கிடக்கும் சாமான்களை வாங்கினாலே பாதி சேர்ந்துவிடும். ஓய்வுபெற்ற தாதிமார் நமது ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களை வைத்து உம்மாமாருக்கும் வாலிபர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். கிளினிக் நாளில் ஒரு வாகனம் விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிக்கும் அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது விடுதலை கொடுங்கள். அவள் தூங்கட்டும். அவளுக்கும் சீனி இருக்கும், பிரஷர் இருக்கும், காட்டத்தான் நேரம் இருக்காது.

ஆண் பிள்ளைகளே, காசு அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். லீவில் வரும்போது முதல் ஒரு கிழமை உம்மாவின் அறையில் படுங்கள். அப்போது தெரியும் தங்கச்சி என்ன செய்கிறாள் என்று.

ஆசிரியர்களான நாங்களும் யோக்கியர்கள் இல்லை. அந்தப் பிள்ளை வராத நாட்களில் அவளைப் பொய்காரி என்றுதான் முதலில் நினைத்தோம். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ஏசியும் இருக்கிறோம். அந்த வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் வெட்கப்பட்டோம்.

அதன் பிறகு செய்தது சின்ன விஷயம். பக்கத்து வீட்டு ராத்தா ஒருவர் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இருக்கச் சம்மதித்தார். எங்களில் இரண்டு பெண் ஆசிரியைகள் சனிக்கிழமை பின்னேரம் போகிறார்கள். முதியோர் அட்டைக்கும் கொடுப்பனவுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. ஊரில் இருக்கும் மகன், பலர் பேசிய பிறகு, இரண்டு இரவு வந்து படுத்தார். மூன்றாவது இரவு வரவில்லை. மறுபடியும் பேசுவோம்.

பிள்ளை இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வகுப்புக்கு வருகிறாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு ஓ.எல்.

பள்ளி நிர்வாகிகளே, ஜனாஸா சங்கத்தாரே, ஸகாத் கமிட்டியினரே, உங்களில் யாராவது அந்த வியாழக்கிழமையைப் பொறுப்பெடுப்பீர்களா? உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வியாழக்கிழமை ஆளில்லாமல் இருக்கும். தேடிப் பாருங்கள். "மாஷா அல்லாஹ் நல்ல பதிவு" என்று எழுதிவிட்டுப் போக வேண்டாம். உங்கள் மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வந்து, அந்தத் தொகையை மட்டும் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம்.

நம் எல்லோருக்கும் வயது போகத்தான் போகிறது. அல்லாஹ் நம்மை யாருக்கும் பாரமாக்காமல் வைப்பானாக, பாரம் சுமப்பவர்களுக்குக் கை கொடுப்பவர்களாகவும் ஆக்குவானாக. ஆமீன்.