துடைக்கும் முன் தண்ணீர்



நம் திருவனந்தபுரத்தில் புது வண்டி எடுத்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். சில மாதம் போனதும் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். டாங்க் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும். சாலைச் சந்தை நெரிசலில் பக்கத்து வண்டி உரசியது என்று நினைப்போம். அப்படியும் நடக்கும்தான். ஆனால் இந்த வலைக்கீறல்களில் பெரும்பாலானவை தினமும் காலையில் நம் கை போடுபவை. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில், தூசி படிந்த டாங்கை உலர்ந்த பழந்துணியால் அழுத்தித் துடைக்கிறோமே, அதுதான் காரணம்.

திருவனந்தபுரத்துத் தூசியில் கடற்கரை மணலும் கலந்திருக்கிறது. கோவளத்தில் காலடியில் மினுங்கும் கறுப்பு மணல் இல்மனைட். அந்தத் தாதுவிலிருந்துதான் பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கிறது. அதைத் தயாரிக்கவே 1946-ல் தொடங்கிய திருவாங்கூர் டைட்டானியம் ஆலை, இதோ நம் கொச்சுவேளியில் இருக்கிறது. அங்கே முக்கியமாக உருவாவது அனடேஸ் வகை; வெயிலில் நிற்கும் வண்டிப் பூச்சில் அது தாங்காது, மேற்பரப்பு பொடிந்து உதிரும். வண்டிகளுக்கு ஏற்ற ரூடைல் வகை கொல்லம் சவறையில் தயாராகிறது. பெயின்டுக்கு நிறம் கொடுக்கும் இந்தக் கரைதான் அதைக் கீறும் மணலையும் காற்றில் அனுப்புகிறது. அந்த மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண எஃகுக் கத்தியைவிடக் கடினம். பெயின்டின் மேல் பளபளக்கும் கிளியர் கோட்டோ ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடிப் பருமன்கூட வராது. துணிக்கு அடியில் சிக்கிய மணல் அதை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீறலை மறைக்க அடிக்கடி பாலிஷ் போட்டால், ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய அடுக்கிலேயே கொஞ்சம் தேய்ந்துபோகும்.

எனவே முதலில் தண்ணீர். மேலிருந்து தாராளமாக ஊற்றி மணலைக் கழுவி இறக்குங்கள். பிறகு வண்டிக்கான ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. சக்கரத்துக்கு வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள். செயினைத் துடைத்த துணி டாங்க் பக்கமே வரக்கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், போட்ட வாக்ஸையும் எடுத்துவிடும். ஆற்றுகால் பொங்கல் அன்று தெருவெல்லாம் அடுப்பு எரியும். வண்டிமேல் சாம்பல் படிந்திருந்தால் அன்றும் தட்டித் துடைக்காமல் தண்ணீர்தான். காக்கை எச்சமும் அப்படியே. அதிலுள்ள அமிலம் வெயில் பட்டால் பெயின்டில் தழும்பாக நின்றுவிடும். காய்ந்திருந்தால் ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு, ஊறியபின் எடுங்கள்.

டாங்க் பத்திரமாக இருக்கட்டும் என்று ரெக்ஸின் கவர் மாட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதைக் கழற்றிப் பாருங்கள். அடியில் மணலும் ஈரமும் சேர்ந்து, வண்டி அதிரும்போதெல்லாம் தேய்த்துக்கொண்டே இருக்கும். அழுக்கு வண்டிமேல் பாடி கவர் போர்த்துவதும் இதே கதைதான். சாவிக்கொத்தில் வீட்டுச்சாவி, அலமாரிச்சாவி எல்லாம் தொங்க வேண்டாம்; ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது எங்கே உரசுகிறது என்று கவனியுங்கள். முழங்கால் படும் இடத்திலும், பின்னால் இருப்பவரின் செருப்பும் கொலுசும் உரசும் சைட் பேனலிலும் கண்ணாடி போன்ற பெயின்ட் பாதுகாப்புப் படலம் (பிபிஎஃப்) ஒட்டலாம், கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுக்கு ஒட்டாமல் எளிதாகக் கழுவ அது உதவும். சாவி உரசலையோ தெறிக்கும் கல்லையோ தடுக்காது.

கடைசியாக, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஆழமான கீறலைப் பற்றி. தகரம் தெரிந்துவிட்டால் நம் உப்புக்காற்றில் துரு ஏற அதிக நாள் ஆகாது. ஏறினால் பக்கத்துப் பெயின்டையும் அடியிலிருந்து தூக்கிவிடும். இடவப்பாதிப் பருவமழை தொடங்கும் முன், அந்த இடத்தைக் கழுவி நன்றாக உலரவிட்டு, உங்கள் வண்டியின் நிறத்துக்கே உரிய டச்-அப் பெயின்டை மெல்லிய பூச்சாக வைத்துவிடுங்கள்.