எரியுது... அணையுது... ஏன்?

இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிராக்டர் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் விளக்கு ஒரு குலுக்கலில் எரியும், மறு குலுக்கலில் அணையும். "பல்பு போச்சுப்பா" என்று மாற்றுவோம். நாலே நாளில் பழைய கதைதான்! பின்னால் பைக்கில் வருபவரின் உயிரோ அந்த விளக்கை நம்பி இருக்கிறது.

பெரும்பாலும் கோளாறு எர்த்தில்தான். தனி ஒயர் இழுக்காமல் இழுவைக் கொக்கியையே எர்த்தாக நம்பினால் என்ன ஆகும்? பாம்பன் முதல் வாலிநோக்கம் உப்பளம் வரை காற்றெல்லாம் உப்பு. இணைப்பில் துரு ஏறிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் கரண்ட் ஓடாததால் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். விளக்கை எரியவிட்டு, ஒயரை ஆட்டிக்கொண்டே, பேட்டரி நெகடிவுக்கும் ஹோல்டர் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

அமெரிக்காவில் பல டிரெய்லர்களில் பிரேக்கே மின்காந்தத்தால்தான் பிடிக்கிறது. அங்கே இதே துரு பிரேக்கையே பறித்துவிடும்!

லேபில் நமக்கு முழுசாகச் செத்த சர்க்யூட்தான் கிடைக்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறும் பிராக்டிகலில் வரவேண்டும் என்பது என் கருத்து. உப்புக்காற்று ஊரில் டிப்ளமோ படிக்கும் நமக்கு அது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?